கிணற்றடி ஏலச்செடி

11.6.2024, செவ்வாய், காலை 7.10.
கொழிஞ்சாம்பாறை.

ஜிஷா,

நீ வேலை முடிந்து திரும்பும்போது நானும் அப்பாவும் வீட்டில் இருக்கமாட்டோம். சாவி குளியலறை ஜன்னலில் இருக்கிறது. கஞ்சியும் பயறும் மூடி வைத்திருக்கிறேன், சூடாக்கிச் சாப்பிடு.

இந்த வீட்டை நமக்கு விற்ற ஹஸீனா நேற்று வந்து, தோட்டத்துச் செடிகளுக்கு ஒவ்வொன்றாகப் பெயர் சொன்னாள். கிணற்றடிப் புதரைக் காட்டி, "டீச்சர், இது சித்தரத்தைங்க. சளிக்காக எங்க அத்தா வச்சது" என்றாள்.

அப்பா சிரித்தார். "பூப்பாறைல நாப்பது வருசம் ஏலக்காட்டுக் கங்காணியா இருந்தவன்ட்டயே கதை விடுதியாம்மா? இது ஏலம். ஆவணில காய் பறிக்கலாம்."

விளையாடுகிறார் என்று நினைத்தேன். அவர் இலையைக் கசக்கி முகர்ந்தார். மறுபடியும் ஏலம் என்றார். கண்ணைக் கட்டிவிட்டாலும் மணத்தைக் கொண்டே ஏலத்தை அறிந்த மனிதர், ஜிஷா.

அப்பாவுக்கு மறதி மிகுகிறது என்று ஈஸ்டரன்று நீ சொன்னபோது உன்னை அதட்டினேன். தவறு என்னுடையது. இனி எதையெல்லாம் மறப்பார் என்று எண்ணவே துணிவில்லை.

ஹஸீனா மாலையில் அந்தச் சித்தரத்தைக் கிழங்கு கேட்டு வருவாள். நாங்கள் திரும்புமுன், அப்பா கண்ணில் படாதபடி புதரின் பின்பக்கமாகத் தோண்டிக் கொடுத்துவிடு.

முடிவு இது: 8.15 பேருந்தில் அவரைப் பொள்ளாச்சிக்கு, நரம்பு மருத்துவரிடம் அழைத்துப்போகிறேன். ஏலத்துக்கு உரம் வாங்கப் போவதாக அவரிடம் பொய் சொல்லியிருக்கிறேன். புதரை வெட்டக் கூடாது. இந்த வீட்டில் இனி அதன் பெயர் ஏலம்.

அம்மா