நல்ல கோப்பையின் சத்தம்

சென்னை

அன்பு மருமகள் மகேஸ்வரிக்கு அத்தை சிவகாமசுந்தரி எழுதுவது. அன்பரசி தங்கியிருக்குற விளையாட்டு ஆஸ்டல்லயே சமையல் வேலை கிடைச்சதால நானும் அவளும் சௌக்கியம். உன் முட்டிவலி எப்படி இருக்குது? விருத்தாசலத்துல மழை உண்டா? போன்ல பேசினா இவ பக்கத்துலயே நிக்கிறா, அதான் கடுதாசி.

பயப்படாத. போன வாரம் நீளம் தாண்டற போட்டியில உன் மக மூணு தடவையும் கோடு மிதிச்சு அவுட்டாயிட்டா. காலுக்கு ஒண்ணுமில்ல. என் பேத்தி காலுக்கு இந்த ஆஸ்டல்ல ஈடு கிடையாது. ஓடி வரும்போது மனசுதான் பதறுதாம். அடுத்த மாசத் தேர்வுலயும் மிதிச்சா இங்க இடம் போயிடும்.

இப்ப மனசுக்குப் பயிற்சி குடுக்க ஒரு மேடம் வராங்க. கண்ணை மூடி உக்கார வெக்கிறாங்க. "தாண்ட வந்த புள்ளைய தூங்க வெக்கிறீங்களே"ன்னு சண்டைக்குப் போயிட்டேன். "உடம்புக்கு நாலு மணி நேரம் குடுக்கறோம் பாட்டி, மனசுக்குப் பத்து நிமிஷம் குடுக்கக் கூடாதா"ன்னாங்க. நான் குழம்பைப் பாக்கப் போயிட்டேன்.

மனசு அடங்க ஒரு சத்தத்தை நினைச்சுக்கச் சொன்னாங்களாம். நீ வேலை பாக்குற பீங்கான் கம்பெனியில சூளையிலேருந்து வந்த கோப்பையில விரிசல் இருக்குதான்னு நீ தட்டிப் பாப்பியே, அந்தச் சத்தத்தை நினைச்சுக்கிறாளாம். நேத்து ஆறு தடவை தாண்டினா, ஒரு தடவைகூட மிதிக்கல.

அந்தச் சத்தத்தை போன்ல பிடிச்சு அனுப்பு. நல்ல கோப்பையா பாத்து நிதானமா தட்டு. உலை கொதிக்குது, முடிக்கிறேன். தட்டி முடிச்சதும் "அத்தை"ன்னு ஒரு தடவை கூப்பிடு. அது எனக்கு.

சிவகாமசுந்தரி