பென்ஸா, டொயோட்டாவா?

சுகிர்தா,

நீ அசந்து தூங்குகிறாய். எழுப்ப மனம் வரவில்லை. ரொட்டியும் சம்பலும் மூடி வைத்திருக்கிறேன். நான் கார் வாங்கப் பதுளைக்குப் போகிறேன். பயப்படாதே, பென்ஸ் இல்லை. நீ சொன்ன டொயோட்டாதான்.

ராத்திரி நீ போட்ட சண்டைக்கு நான் மசியவில்லை. நீ தூங்கிய பிறகு யோசித்துப் பார்த்தேன்; மனதை மாற்றியது உன் அம்மாதான். நேற்று கார் கடையில் நீ விலை கேட்டுக்கொண்டிருந்தபோது அத்தைக்கு பென்ஸ் கதவைத் திறந்துவிட்டேன். "மாப்புள, செருப்பக் கழட்டிட்டு ஏறவா?" என்று மெதுவாகக் கேட்டார். டொயோட்டாவில் கேட்காமலே ஏறி, வசதியாகச் சாய்ந்துகொண்டு, "வீட்டுக்குப் போவமா?" என்றார்.

சாயங்காலம் ஹாரன் கேட்டால் கோபத்தை மறந்து அத்தையோடு வாசலுக்கு வா. ஸ்பிரிங்வெளி வரை ஒரு சுற்றுப் போவோம்.

தயா

பி.கு.: நிறம் சிவப்பு. அதில் மட்டும் யார் பேச்சையும் கேட்க மாட்டேன்.