பல் போனால் நினைப்புமா போகும்

அன்பு மகன் இஷாக்கிற்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் உடம்பால் சுகம், நீயும் தோஹாவில் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க அல்லாஹ் போதுமானவன். மனசால் நான் சுகமில்லை, அதனால்தான் கடிதம். போனில் பேசினால் உங்க அத்தா ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார். லீவு முடிந்து பக்கத்து வீட்டு ஹாமித் அங்கே திரும்புகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். உன் தங்கை பாஸிலாவுக்கு எட்டாம் மாசம், வயிற்றுப் பிள்ளை நன்றாக இருக்கிறதாம்.

போன வியாழக்கிழமை மதியம் அத்தா தோல் மண்டியிலிருந்து வரும்போது ஆயக்குடிக் கொய்யா ஒரு கிலோ வாங்கிவந்தார். ஒரு கடி கடித்தவர் பழத்தைக் கைக்குள் மறைத்தார். பிடுங்கிப் பார்த்தால் வெள்ளைச் சதையெல்லாம் ரத்தம். துருவிக் கேட்டதில் ஒரு வருஷமாகப் பல்லே தேய்க்கவில்லையாம் மனுஷன்! பிரஷ் பட்டால் ஈறில் ரத்தம் வருகிறது, ரத்தம் வந்தால் தொழுகைக்காகக் கை கால் முகம் கழுவிச் செய்த உளூ முறிந்துவிடும் என்று பயந்து தேய்ப்பதையே விட்டாராம். அஞ்சு வேளையும் வாய் கொப்புளிக்கிறேன்ல, அப்புறம் என்ன அழுக்கு என்று என்னிடமே சண்டை. மறுநாள் பல் டாக்டர் தமிழ்மதியிடம் இழுத்துக்கொண்டு போனேன். ஈறு நோய் முற்றி எலும்பே கரைந்திருக்கிறது, ஈறுக்கு அடியில் சுத்தம் செய்ய நாலைந்து முறை வரணும் என்றவர், அத்தா எழுந்து வெளியே போனதும் மறதி ஏதும் இருக்கா என்று மெதுவாகக் கேட்டார். ஈறு நோய் உள்ளவர்களுக்கு மறதி நோய் வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல் என்று ஆராய்ச்சிகளில் தெரிகிறதாம். இதனாலதான் அது வருதுன்னு உறுதியாச் சொல்ல முடியாதும்மா, மறதி வந்தவங்க பல்லைக் கவனிக்காம விடுறதும் உண்டு, எதுக்கும் நரம்பு டாக்டர்கிட்டயும் காட்டிருங்க என்றார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த வியாழக்கிழமையே சாயங்காலம், வீட்டில் பழமே இல்லையே என்று இன்னொரு கிலோ கொய்யாவோடு வந்து நின்றவர் இவர். நான் சிரித்துத் தொலைத்தேன். உளூவுக்குப் பயந்து தேய்ப்பதை விட்டாரா, தேய்க்க மறந்துபோய் உளூவைக் காரணம் சொல்கிறாரா என்று இப்போது எனக்குப் புரியவில்லை.

பல் போனால் சொல் போச்சு என்பார்கள், நினைப்பும் போகும் என்று யாரும் சொல்லவில்லையே. பள்ளிவாசல் ஹஜ்ரத்தே, முதல்ல பல்லைத் தேய்ங்க, ரத்தம் நின்னதும் உளூ செய்ங்க என்று சொல்லிவிட்டார். ஆனாலும் அத்தா இனி எந்த டாக்டரிடமும் வரமாட்டாராம். நீ சொன்னால்தான் கேட்பார். போன லீவில் நீ துப்பிய தண்ணீரும் சிவப்பாக இருந்தது, அழுத்தித் தேய்த்தேன் என்றாய், நானும் நம்பினேன். சாக்குச் சொல்லாமல் அங்கேயே டாக்டரிடம் பல்லைக் காட்டு. முடிந்தால் பத்து நாள் லீவு போட்டு வா.

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். சாயங்காலம் மஃரிபு தொழுகைக்குப் பிறகு அத்தா கையேந்தி, பிள்ளைகள் பேர் சொல்லி துஆ கேட்பார் அல்லவா. மூன்று நாளாக பாஸிலா பேர் வருகிறது, பிறக்கப்போகும் பிள்ளையும் வருகிறது, உன் பேர் வரவில்லை. பின்னால் இருந்து நான் அவர் காதில் விழாமல் உன் பேரைச் சொல்லி ஆமீன் போடுகிறேன். பயமாக இருக்கிறது ராசா. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும், உண்ண உடுக்கக் குறையாத ரிஸ்க்கும் தரட்டும். மறக்காதே, இனி போன் செய்தால் எடுத்ததும் அத்தா, நான் இஷாக் என்று பேரைச் சொல்லிவிட்டுப் பேசு.

உன் வரவைப் பார்த்திருக்கும் அம்மா,
மீ. சைனம்பு
திண்டுக்கல்