வேன் அக்கா உட்கார்ந்த படி

மார்ச் 4
வலக்கைக் கட்டைப் பிரித்தார்கள். எலும்பு நன்றாகக் கூடிவிட்டதாம். "இனி தாராளமா குழந்தையைத் தூக்கலாம்மா" என்றார் டாக்டர். தலையாட்டிவிட்டு வந்தேன். வாசலிலேயே பாப்பா இரண்டு கையையும் நீட்டினாள். நான் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன்.

மாடிப்படியில் அவளோடு விழுந்தவள் நான். அன்றைக்கு அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை, என் கையோடு போயிற்று. அடுத்த தடவை?

மார்ச் 9
நாத்தனார்தான் குளிப்பாட்டுகிறாள், ஊட்டுகிறாள், தூங்க வைக்கிறாள். "நீங்க கையை அசைக்காதீங்க அண்ணி, நான் இருக்கேன்ல." தங்கமான பெண். பாப்பா இப்போது விழித்ததும் அவளைத்தான் தேடுகிறாள். இதற்கு நான் யார் மேல் கோபப்படுவது?

மார்ச் 12
மருத்துவமனையிலிருந்து ஒரு தன்னார்வலரை அனுப்பியிருந்தார்கள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற ஒரு அக்கா. காலைச் சவாரிக்கும் மாலைச் சவாரிக்கும் நடுவில் இப்படி வீடு வீடாகப் போவாராம். அறிவுரை மூட்டையை அவிழ்க்கப் போகிறார் என்று முகத்தை இறுக்கிக்கொண்டேன்.

"எங்க விழுந்தீங்க?"

காட்டினேன். நேரே போய் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "வாங்க, சும்மாதான். என் வேன்ல வாண்டுங்க போடுற கூச்சலுக்கு இந்த இடம் சொர்க்கம்."

சுவரைப் பிடித்துக்கொண்டே போனேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அழுகை வந்தது — அப்போதும் கேட்கவில்லை. தைரியமாக இருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. கைக்குட்டையை நீட்டி, "தொவச்சதுதான்" என்றார்.

யார் இவர் எனக்கு?

மார்ச் 19
மறுபடியும் படி. "ரெண்டு பேரும் அங்க உட்கார்ந்து என்னதான் பேசுறீங்க?" என்றார் என் கணவர். ஒன்றும் பேசவில்லை என்றேன். நம்பவில்லை.

மார்ச் 26
எல்லோரும் தூங்கிவிட்டார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை.

வேன் அக்கா இன்று படிக்கு நாத்தனாரையும் பாப்பாவையும் கூப்பிட்டார். நாத்தனார் பாப்பாவை என் மடியில் வைக்க வந்தாள்.

"வைக்காதம்மா. கீழ விடு."

"விழுந்துட்டா?"

"அப்புறம் நாம மூணு தடிமாடு எதுக்கு இங்க இருக்கோம்?"

நாத்தனாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பாப்பா கீழ்ப்படியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். முழங்காலை ஊன்றினாள், சறுக்கினாள், முக்கினாள், ஏறினாள். அடுத்த படி. அதற்கடுத்தது. என் முழங்காலைப் பற்றி எழுந்து, கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நான் தூக்கவே இல்லை. அவளாகவே வந்து சேர்ந்தாள். இந்தக் கையை நம்பி — எதைப் பார்த்து நம்பினாள்? என்னால் எழுத முடியவில்லை, இன்னும் உடம்பு சிலிர்க்கிறது.

நிமிர்ந்து பார்த்தால் வேன் அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், அங்கே என்னவோ இருப்பது போல. அடுத்த வாரம் வேறு வீடாம். சம்பளமில்லாமல், யாரோ ஒருத்திக்காகச் சும்மா உட்கார்ந்திருப்பது. அதற்கு எவ்வளவு பெரிய மனசு வேண்டும்.

ஏப்ரல் 15
நாத்தனார் ஊருக்குக் கிளம்பினாள். பையைத் தோளில் மாட்டிக்கொள்வதற்காகப் பாப்பாவை என்னிடம் நீட்டினாள். வண்டி கிளம்பியதும் ஜன்னல் வழியாகக் கையாட்டினாள். பதிலுக்கு ஆட்ட வலக்கையை எடுக்கப் போனேன், வரவில்லை. அதில் பாப்பா இருந்தாள்.