கடலுக்கு இங்கிலீஷ் தெரியாது

மச்சான், ஸலாம். சுகமாக இருக்கிறாயா? நீ இருக்கிற இடத்தில் இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாது. இங்கே சோளகக் காற்று பிடித்துவிட்டது. சோற்றுக்குள்ளும் மணல் விழுகிறது. டொல்பின் பார்க்கப் போகிற படகுகளெல்லாம் கரையில் கவிழ்ந்து கிடக்கின்றன. பட்டத்தைக் கட்டிக்கொண்டு தண்ணீருக்கு மேல் ஓடுகிற வெள்ளைக்காரர்கள்தான் இப்போது கற்பிட்டி முழுக்க.

இன்று காலை உன் ஸரீனா எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவள் வாசலுக்கு வருவதற்கு முன்பே வாசனை வந்துவிட்டது. உப்பு, மண்ணெண்ணெய், அதோடு நீ பல்லிடுக்கில் ஒதுக்கி வைக்கிற கராம்பு. எழும்பிப் பார்த்தால், உன் லைஃப் ஜாக்கெட்டைப் பிள்ளையைத் தூக்குவதுபோல மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"நானா, இது ஒவ்வொரு ராவும் நனையுது. அலுமாரிக்குள்ள பூட்டி வெச்சாலும் நனையுது. விடிய எடுத்தா சொட்டுது."

என் மனிசி சமாதானம் சொன்னாள். "உப்பேறின சாமான் சோளகத்துக்கு நனையும்தான் புள்ள. எங்கட குசினியில உப்புப் போத்தலப் போய்ப் பாரு."

அதுவும் சரிதான். வாங்கி முற்றத்துக் கொடியில் போட்டேன். உனக்கு அந்தக் கழுதையை நினைவிருக்கும். எல்லார் வீட்டையும் எட்டிப் பார்க்கிறது, ஒரு வேலையும் செய்யிறதில்லை என்று நீ 'மெனேஜர்' எனப் பெயர் வைத்தாயே, அதேதான். இன்னும் உயிரோடு இருக்கிறது, வெங்காயத் தோட்டக்காரர்களின் ஏச்சைக் கேட்டுக் கேட்டு இன்னும் கொழுத்தும் இருக்கிறது. தினமும் எங்கள் வேலியோரம் வந்து மரக்கறித் தோல் தின்னும். இன்றைக்கு வந்தது, கொடியைப் பார்த்தது, காதை மடித்தது, வந்த வழியே பின்னுக்குப் பின்னாக நடந்து போய்விட்டது. திரும்பி நடக்கவில்லை மச்சான். பின்னுக்கு.

ஸரீனா உட்காரவுமில்லை. "என்ட கூடப்பொறந்த காக்கா சொல்றாரு, மௌத்தானவங்களுக்கு ஓதுற கத்தத்த ஓதச் சொல்லி. பள்ளிவாசல்லயும் அதத்தான் சொல்றாங்க. உடம்பே கிடைக்காம, மையித்து இல்லாம எப்படி நானா ஓதுறது? அவருக்குச் சோறு எடுத்து வெச்சிட்டுத்தான் நான் இன்னும் திங்கிறன். நீங்கதானே அவரோட கடல்ல திரிஞ்சது. கடல் அவர என்ன செஞ்சது? நீங்க ஒரு சொல்லு சொன்னா, நான் அதோட நிக்கிறன்."

"தேத்தண்ணியக் குடி தங்கச்சி, சொல்றன்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து உனக்கு இதை எழுதுகிறேன். அவள் குசினியில் இருக்கிறாள். கோப்பை காலியாவதற்குள் நான் ஒரு சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும்.

நம்முடைய படகில் அந்தச் சொற்களுக்கு இடமில்லை என்பது உனக்குத் தெரியும். வெட்டு, குத்து, கொல்லு, ஒன்றும் தண்ணீருக்கு மேல் வாயில் வரக்கூடாது. கத்தி வேண்டுமென்றால் "அதை எடு" என்போம். சுறா தெரிந்தால் "அந்தாள் வாறார்" என்போம். பெயர் காதில் விழுந்தால் வந்துவிடும் என்று பயம். நீயோ ஹோட்டலில் வேலை செய்து இங்கிலீஷ் பிடித்துக்கொண்டு வந்து, டொல்பின் காட்டப் போன முதல் நாளே வெள்ளைக்காரர்களுக்கு முன்னால் எழும்பி நின்று "ஷார்க் அட்டாக்" என்றாய். நான் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னடா கதைக்கிறாய்?"

"பயப்படாத மச்சான். கடலுக்கு இங்கிலீஷ் தெரியாது."

அதற்குப் பிறகு எஞ்சினை நிறுத்திவிட்டு டொல்பினுக்குக் காத்திருக்கிற நேரமெல்லாம் உனக்கு அதே கதைதான். "பட்டாளம் வந்தாலும் அட்டாக், நாய் பாஞ்சாலும் அட்டாக், நெஞ்சு நிண்டாலும் அட்டாக். பேப்பர்ல ஒருத்தன ஏசி எழுதினாலும் அட்டாக்தான். மலிவான சொல்லுடா அது. ரெய்ட் எண்டா அப்படியில்ல. வரும், எடுக்கும், போயிடும். இன்வேட் எண்டா வந்தது போகாது."

"அப்ப என்ட மாமி எதுடா?"

"அது இன்வேட்தான், சந்தேகமே வாணாம்." நீ சிரித்த சிரிப்பில் படகு ஆடியது.

இன்னொரு நாள் த்ரெட் என்றாய். "இன்னும் வரல்ல. வரலாம். அதுக்கும் பேர் வெச்சிருக்கிறாங்க." எனக்குச் சிரிப்பு வரவில்லை. வராத ஒன்றுக்குப் பெயர் வைத்தால் அது எங்கே இருந்துகொண்டு அந்தப் பெயரைக் கேட்கும் என்று யோசித்தேன்.

பிறகு டொல்பின் பார்க்க வந்த அந்தக் கொழும்புப் பொம்பிளை. தமிழ் கதைக்கிறவள். கடலடியில் பவளப் பாருக்குப் பக்கத்தில் பெரிய மீன்கள் சின்ன மீன்களுக்காகக் காத்துக் கிடப்பதை அம்புஷ் என்று அவளுக்கு விளங்கப்படுத்தினாய். அவள் கேட்டாள்: "அதுக்குத் தமிழில என்ன சொல்லுவீங்க?" கதைக்கிற சந்தோஷத்தில் நீ எழும்பி நின்று, சத்தமாக, தமிழில் சொன்னாய்: "பதுங்கிக் கிடந்து அடிக்கிறது."

சொல்லி முடித்த பிறகுதான் உன் காதிலும் விழுந்தது. மெதுவாக உட்கார்ந்தாய். படகைச் சுற்றி நின்ற டொல்பின்களைக் காணவில்லை. அவை போனதை நான் பார்க்கவேயில்லை. தண்ணீர் எண்ணெய் ஊற்றினதுபோல் கிடந்தது. பலகையில் அலை தட்டுகிற சத்தம்கூட இல்லை. அந்தப் பொம்பிளை மட்டும் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். திரும்பி வருகிற வழியில் கராம்பைக் கடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாய்: "கேட்டிருக்குமோ?"

"காத்துல போயிருக்கும்" என்றேன். அன்றைக்குக் காற்றே இல்லை, மச்சான்.

அந்த மாதம் முடிவதற்குள், நல்ல வெயில் காலையில் நண்டு வலை பார்க்கத் தனியாகப் போனாய். படகு தானாகக் கரைக்கு வந்தது. எஞ்சின், நீ கரை ஏற்றும்போது தூக்கி வைப்பதுபோலவே, தூக்கி வைத்திருந்தது. கயிறு சுருட்டி இருந்தது. இருக்கையில் உன் ஜாக்கெட் மடித்து வைத்திருந்தது, ஒரு சொட்டு நனையாமல். தவறி விழுகிறவன் சட்டையை மடித்து வைத்துவிட்டா விழுவான்? நேவியும் தேடியது, நாங்களும் தேடினோம். கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து கரையிலும் எனக்கு அந்தச் சொற்கள் தமிழில் வருவதில்லை. கோழிக் கடையில்கூட "சரிப்படுத்தித் தாங்க" என்கிறேன், கடைக்காரன் சிரிக்கிறான். நீ தந்த இங்கிலீஷ் சொற்கள்தான் மிச்சம். உன் கராம்புபோல அவற்றைப் பல்லிடுக்கில் ஒதுக்கி வைத்துக்கொண்டு கடலுக்குப் போய் வருகிறேன். அங்கே வாய் திறப்பதில்லை.

ஸரீனாவுக்கு எதைச் சொல்ல? அம்புஷ் என்றால் விடிய விடிய அழுவாள். இன்வேட் என்றால், வந்தது இன்னும் போகவில்லை, அது அவளுடைய அலுமாரிக்குள் தொங்குகிறது என்று ஆகிவிடும். எனக்கு உள்ளுக்குள் அந்தப் பயம் இருக்கிறது, அதை அவளுக்குக் கொடுக்க மாட்டேன். ரெய்ட் என்று சொல்லப்போகிறேன். வந்தது, எடுத்தது, போயிட்டுது, ஓது தங்கச்சி, ஓதிட்டு உன் சோத்தச் சூட்டோட தின்னு என்று சொல்லப்போகிறேன். அவள் உயிரோடு இருக்கிறவள், மச்சான். நீ கோபிக்காதே.

கோப்பை வைக்கிற சத்தம் கேட்டது. முற்றத்துக்குப் போய்விட்டாள்போல. கூப்பிடுகிறாள்.

"நானா! இங்க வாங்க நானா! இது காஞ்சிட்டு. வெயிலே இல்ல, காஞ்சிட்டு. உள்பக்கம் சுடுது நானா, இப்பத்தான் ஆரோ கழட்டிப் போட்ட மாதிரி!"

வாறன் என்று குரல் கொடுத்துவிட்டேன். ரெய்ட்தான் சொல்வேன், அதை மாற்றமாட்டேன், ஆனால் நான் வெளியே வருகிற நேரம் நீ மட்டும் அந்தக் கொடிக்குப் பக்கத்தில் நிற்காதே, மச்சான்.