வடக்கு பார்த்த கல்

கல்லைக் கண்டால் நாக்கை நீட்டும் என் அக்காளுக்கு,

நல்லாயிருக்கியா என்று கேட்க வாய் வரவில்லை. ஆனால் நீ எங்கோ இருக்கிறாய். அது எனக்கு எப்படித் தெரியும் என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நீ பி.எஸ்சி. ஜியாலஜி சேர்ந்தபோது, கல்லுடைக்கவா காலேஜுக்குப் போகிறாய் என்று சித்தப்பா சிரித்தார். நீ கோபப்படவில்லை. காலேஜில் வெளியே கூட்டிப்போகும்போதெல்லாம் பை நிறையக் கல்லோடு வந்தாய். ஈரமான நாக்கால் தொட்டுப் பார்த்தால் கல்லின் நிறம் தெளியும் என்றாய். எம்.எஸ்சி.க்கு வந்ததும் அழகர்மலைப் பாறைகளை எடுத்துக்கொண்டாய். ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயிண்டில் நம்பரும், வடக்கைக் காட்டும் அம்பும் இருக்கும். அழிந்துபோனதைத் திரும்ப எழுதும்போது பெயிண்ட் டப்பாவைப் பிடிப்பது என் வேலை.

"பாறையில இருந்து பேத்தெடுக்குறதுக்கு முன்னாடியே அம்பு போட்டுரணும்டி. எந்தப் பக்கம் பாத்து இருந்துச்சுன்னு தெரியலைன்னா அது வெறும் கல்லுதான்" என்பாய். கையோடு, "நீ ஏன்டி பத்தாவதோட நின்ன?" என்றும் கேட்பாய். வகுப்பில் எழுந்து பேர் சொல்லவும் வாசிக்கவும் பயந்துதான் படிப்பை விட்டேன் என்று உன்னிடம்கூட நான் சொன்னதில்லை.

கடைசி வருஷம் ப்ராஜெக்ட் முடியும் முன்பே காய்ச்சல் வந்து போய்விட்டாய்.

செத்தவரை ஒரு கல்லில் இறக்கி, கருமாதி வரைக்கும் பால் ஊற்றுவது நம் வழக்கம். வீடு பூராவும் கல் கிடக்கிறதே, வெளியே எதற்குத் தேட வேண்டும் என்று சித்தப்பா உன் கட்டிலுக்கடியிலிருந்து ஒன்றை எடுத்தார். அழுகையில் அது எந்த நம்பர் என்று யாரும் கவனிக்கவில்லை. கொல்லையில் அதன் அம்பு, செத்தவர் திசையான தெற்கைப் பார்க்க வைத்தார். மறுநாள் காலையில் அம்பு வடக்கே பார்த்தது. திருப்பி வைத்தார். அடுத்த காலையிலும் வடக்கே.

"யாரு கல்லத் திருப்புனது?" என்று ஒவ்வொருவராகக் கேட்டார். அம்மா இல்லை. நானும் இல்லை. கருமாதியன்று கோச்சடைப் பக்கம் வைகையில் கொண்டுபோய் அதைப் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்தார்.

சில மாதம் கழித்து ரஷீதா அக்கா வந்தாள். உன் வகுப்புத் தோழி, உன் சாப்பாட்டு டப்பாவைக் காலி செய்கிறவள். உன் ப்ராஜெக்ட்டை அவள் முடித்துக் கொடுத்தால் உன் பெயரிலேயே வைக்கலாம் என்று உங்கள் சார் சொன்னாராம். எல்லாக் கல்லும் இருந்தது, ஏழாம் நம்பரைத் தவிர. அது இல்லாமல் முடியாதென்றாள். எங்கே போனதென்று எனக்கு உடனே புரிந்துவிட்டது.

கோச்சடைக்குப் போனேன். ஆற்றில் ஆகாயத்தாமரையும் குட்டைத் தண்ணீரும்தான். எத்தனையோ கல். ஆனாலும் நான் தேடவில்லை அக்கா. இறங்கிய இடத்திலேயே கிடந்தது, அம்பு அழகர்மலைப் பக்கம் பார்த்தபடி. துப்பட்டாவில் துடைத்து, உன்னைப்போல நாக்கால் தொட்டேன். பால் ருசி. இத்தனை மாதம் ஆற்றில் கிடந்த கல்லில் பால் எப்படி இருக்கும்?

கல்லை மெல்லிசாக அறுத்து மைக்ராஸ்கோப்பில் வைக்க வேண்டும் என்று ரஷீதா அக்கா சொன்னதும் அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டாள்.

"இதுக்குள்ள எம்புள்ள இருக்கா. அறுக்கக் குடுப்பேனா?"

ரஷீதா அக்கா அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு, "அறுக்காட்டி அவ படிச்சது பாதியில நிக்கும்மா" என்றாள்.

"எம்புட்டு அறுப்பீக?"

"நகத்தளவும்மா."

அம்மா கல்லைக் கழுவி, குங்குமம் வைத்து, அவள் கையில் கொடுத்தாள். "வலிக்காம அறுக்கச் சொல்லுத்தா."

ரஷீதா அக்கா உன் டிபார்ட்மென்ட்டுக்கு என்னையும் கூட்டிப்போனாள். அங்கே யாராவது பேர் கேட்பார்களோ என்று நான் அவள் முதுகுக்குப் பின்னாலேயே நின்றேன். மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது அந்தக் கறுத்த கல்லுக்குள் நீலமும் மஞ்சளுமாகத் துண்டு துண்டாக எரிந்தது. கீழே உள்ள வட்டத் தட்டைத் திருப்பினேன். நடுவிலிருந்த ஒரு துண்டு இருண்டுபோனது. பயந்து கையை எடுத்துவிட்டேன். அது மெதுவாகத் திரும்பவும் வெளிச்சமானது.

"திருப்பாத பாப்பா, நானும் பாக்கணும்ல" என்றாள் ரஷீதா அக்கா.

இரண்டு கையையும் தூக்கிக் காட்டினேன். அவள் தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு வேலை முடியும்வரை உன்னிடம் பேசிக்கொண்டேயிருந்தாள்.

உன் ப்ராஜெக்ட் உன் பெயரில் போய்விட்டது அக்கா. மிச்சக் கல் இப்போது என் முன்னால் இருக்கிறது. வடக்கு பார்த்துத்தான் வைத்தேன். இந்தக் கடிதத்தைத் தொடங்கியதிலிருந்து அம்பு என் பக்கம் பார்க்கிறது. திருப்பி வைத்தாலும் என் பக்கமே வருகிறது. நீ பழைய கேள்வியைத்தான் கேட்கிறாயா?

சரி. இந்த ஞாயிற்றுக்கிழமை ரஷீதா அக்காவோடு மலைக்கு வருகிறேன். நீ பெயர்த்த இடத்திலேயே உன்னைப் பொருத்தி வைக்கிறேன். வீட்டிலிருந்தே பன்னிரண்டாவது எழுத வழியிருக்கிறதாம், எழுதுகிறேன். யார் பேர் கேட்டாலும் சொல்கிறேன். நீ வடக்கு பார்த்து அங்கேயே இரு. அடுத்து அந்தப் பாறையடிக்கு யாராவது சுத்தியலோடு வந்தால், அது நானாகத்தான் இருக்கும்.

உன் பெயிண்ட் டப்பாவைப் பிடித்த தங்கச்சி,
முத்துமாரி