புதிதாக நட்டால் மட்டும்

பிப்ரவரி 9

அக்காவுக்கு,

வேலிப்புதரை வெட்டியது நீ. மெஷினை ஓட்டியவன் வேறு ஆள், வாடகை கொடுத்தவர் மீசை. ஆனால் வெட்டியது நீ.

ஃபோனில் சொன்னால் "மீட்டிங்ல இருக்கேன்டா, அப்புறம் பேசறேன்" என்பாய். கடிதம் மீட்டிங் முடியும்வரை காத்திருக்கும். அதனால் எழுதுகிறேன்.

உன் பங்கு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் மீசை, மேற்கு ஓரத்துப் புதரை வேரோடு பிடுங்கிவிட்டார். அந்த இடத்தில் இப்போது முழங்கால் உயரக் கன்றுகள். ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு பிளாஸ்டிக் குழாய். பார்த்தால் ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்கிறது.

"ஏன் வெட்டினீங்க?" என்று கேட்டேன்.

"உங்க அக்கா திட்டம்தான் தம்பி. ஓரத்துல பூக்கிற செடியா வேலி நட்டா மானியம் தர்றாங்க. ஏற்கெனவே இருக்கிற புதருக்கு ஒண்ணும் கிடையாது, புதுசா நட்டாத்தான். நடறதுக்கு இடம் வேணும்ல?"

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் கணக்கில் தப்பில்லை.

தேனீக்களையும் குருவிகளையும் காப்பாற்ற நீங்கள் போட்ட திட்டம், அவை குடியிருந்த வீட்டை இடித்துவிட்டு வாசலில் 'நல்வரவு' எழுதி வைத்திருக்கிறது. என் பூசணிக் கொடியில் பிஞ்சுகள் மஞ்சளித்து உதிர்கின்றன. விடிந்ததும் ஆண்பூவைப் பறித்து ஒவ்வொரு பெண்பூவிலும் நானே தடவிக்கொண்டு போகிறேன். உன் தம்பி தேனீ உத்தியோகம் பார்க்கிறான். இதற்கும் உன் துறையில் மானியம் இருக்கிறதா?

'புதிதாக நட்டால் மட்டும்'. இந்த வரியை யார் எழுதினார்கள்?

தம்பி


பிப்ரவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? முதுகுவலி எப்படி இருக்கிறது? இவ்வளவு திட்டியிருக்கிறாய், அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதக் கூடாதா?

நான்தான் எழுதினேன்.

முதல் வரைவில் இரண்டு பகுதி வைத்திருந்தேன். இருக்கிற வேலிப்புதரைக் காப்பவர்களுக்கு உதவி, புதிதாக நடுகிறவர்களுக்கும் உதவி. நிதித் துறையில் உட்கார்ந்திருந்தவர், "இருக்கிறதுக்கு எதுக்கு மேடம் பணம்? அது பாட்டுக்கு இருக்கப்போகுது" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பிடிவாதம் பிடித்திருந்தால் திட்டமே போயிருக்கும். முதல் பகுதியை என் கையாலேயே அடித்தேன். பாதியாவது பிழைக்கட்டும் என்றுதான்.

மொட்டையாகக் கிடந்த எத்தனையோ வயல்களில் இன்று வேலி முளைத்திருக்கிறது. அதற்காக யாரும் எனக்குக் கடிதம் எழுதுவதில்லை.

வருடக் கடைசியில் மறு ஆய்வு இருக்கிறது. பழைய புதரையும் அப்போது சேர்க்கப் பார்க்கிறேன். அதுவரை பொறுத்துக்கொள். மீசையோடு சண்டைக்குப் போகாதே.

அன்புடன்,
அக்கா


மார்ச் 2

அக்காவுக்கு,

முதுகு இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது.

வருடக் கடைசிவரை பொறுக்க நான் தயார். மெஷின் தயாராக இல்லை. அடுத்தது வாய்க்கால் கரை. அங்கே பட்ட மரம் ஒன்று நிற்கிறதே, அதன் பொந்துகளில்தான் இந்தப் பக்கம் மிச்சமிருக்கும் தேனீ முழுக்க இருக்கிறது. கன்று வாங்கி நடலாம், சரி. பட்ட மரத்தை எந்த நர்சரியில் வாங்குவது?

சண்டை போடவில்லை. கெஞ்சினேன். மீசை தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்: "அவங்க ஆபீஸ் நடச் சொல்லுது, அவங்க தம்பி நீங்க வெட்டாதேங்கறீங்க. நான் யார் பேச்சைக் கேக்கறது? நிலம் அவங்களோடது. வெட்டாதேன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கச் சொல்லுங்க. நான் ஒரு குச்சியைக்கூட ஒடிக்கலை."

அதிகாரியாக எதுவும் செய்ய வேண்டாம். நிலத்துக்காரியாக ஒரு வரி எழுது. அதற்கு எந்தத் துறையின் ஒப்புதலும் வேண்டாம்.

தம்பி


மார்ச் 9

அன்புள்ள தம்பிக்கு,

முடியாதுடா.

திட்டத்தை எழுதியவளே தன் நிலத்தில் அது வேண்டாம் என்கிறாள். இந்தச் செய்தி வெளியே போக ஒரு நாள் போதும். வேலியெல்லாம் வெட்டிச் செலவு, வரப்புவரை உழ விடு என்கிறவர்கள் அதற்காகத்தான் காத்திருக்கிறார்கள். திட்டத்தையே தூக்கிவிடுவார்கள். ஒரு கரைக்காக எல்லாக் கரையையும் கொடுக்கச் சொல்கிறாயா?

அந்த மரத்தை மறந்துவிட்டேன் என்று நினைக்காதே.

மீசையிடம் நீயே பக்குவமாகப் பேசிப் பார். முதுகுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். படுக்கப் போகும்போது தடவு.

அக்கா


மார்ச் 14

அக்காவுக்கு,

தைலம் வந்தது. கையெழுத்து வரவில்லை.

கன்று ஏற்றிய வண்டி வந்து இறக்கிவிட்டுப் போய்விட்டது. மாதக் கடைசிவரை மெஷினை நிறுத்தி வைப்பதாக மீசை சொல்லியிருக்கிறார். உன் திட்டத்தில் இல்லாத அவகாசம் அந்த மனுஷனிடம் இருக்கிறது.

எல்லாக் கரையையும் காப்பாற்ற ஒரு கரையைக் கொடு என்கிறாய். இதைத்தான் அந்த மீட்டிங்கிலும் சொல்லியிருப்பாய். இப்படி ஒவ்வொரு வயலிலும் ஒரு கரையைக் கொடுத்துக்கொண்டே போனால், நீ காப்பாற்றுகிற 'எல்லாக் கரையும்' எங்கே இருக்கிறது? ஒன்றைக் காட்டு, வந்து பார்க்கிறேன்.

இத்துடன் இரண்டு தாள் வைத்திருக்கிறேன். ஒன்றில் 'வெட்ட வேண்டாம்' என்று எழுதியிருக்கிறேன். மற்றதில் 'வெட்டலாம்'. ஏதாவது ஒன்றில் கையெழுத்துப் போட்டு அனுப்பு. இரண்டாவதில் போட்டாலும் நான் பேசமாட்டேன். நேராகக் கொண்டுபோய் மீசை கையில் கொடுப்பேன்.

தம்பி


ஏப்ரல் 11

அக்காவுக்கு,

மீசை மாதம் முடிந்த பிறகும் உன் பதிலுக்காகச் சில நாள் பார்த்தார். அதற்கு மேல் அவரை நான் கேட்கவில்லை.

மரம் விழுந்தபோது உள்ளேயிருந்த தேனடை உடைந்து, மெஷின் சக்கரமெல்லாம் பிசுபிசுத்தது. தேனீக்கள் இரண்டு நாள் அந்த இடத்தையே சுற்றின. பிறகு காணோம். ஓட்டியவனைக் கொட்டவும் இல்லை.

வெயில் கடுமை. உன் கன்றுகள் வாடுகின்றன. சாயங்காலம் நான்தான் தண்ணீர் ஊற்றுகிறேன். அவற்றின்மேல் எனக்கு என்ன கோபம்?

அந்த இரண்டு தாளும் உன்னிடம்தான் இருக்கின்றன. கையெழுத்து வேண்டாம், இனி அதற்கு வேலை இல்லை. வெறுமனே உறையில் போட்டுத் திருப்பி அனுப்பு. நீ எதிலும் போடவில்லை என்பதை என் கண்ணால் பார்க்க வேண்டும்.

தம்பி


மே 3

அக்காவுக்கு,

தாள்களைத் திருப்பி அனுப்பு.